ஹோண்டா போன பள்ளிக்கூடம்

கரங்கான் பக்கத் தோட்டங்களில் கப்சாயைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவருக்கு இருக்கும் மரியாதை பொறியியல் பட்டத்துக்குக் கிடையாது. "படிச்சவனுக்கு பேப்பர்லதான் வண்டி ஓடும்" என்பார்கள். சாட்சிக்கு இழுக்கப்படுபவர் சோய்ச்சிரோ ஹோண்டா. 1958இல் வந்த அவருடைய சூப்பர் கப், பினாங்கு லோ பூன் சியூ வழியாக நம் வாசலுக்கு வந்த வண்டி. பட்டம் ஒரு சினிமா டிக்கெட்டுக்குக்கூடப் பெறாது, டிக்கெட் இருந்தால் தியேட்டருக்குள்ளாவது விடுவார்கள் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். கதையை அந்த இடத்தில் நிறுத்துவதில்தான் எனக்குச் சண்டை.

1946இல் ஹமாமட்சு நகரம் குண்டுவீச்சில் சிதைந்து கிடந்தது. ராணுவ வானொலிக் கருவிக்கு மின்சாரம் கொடுத்த சின்ன எஞ்சின் ஒன்று ஹோண்டாவின் கைக்கு வந்தது. அதைச் சைக்கிளில் பூட்டினார். எண்ணெய்த் தொட்டிக்கு, குளிருக்குப் படுக்கையில் வைத்துக்கொள்ளும் வெந்நீர்க் குடுவை. முதலில் எஞ்சினை முன்சக்கரத்தின் மேல் வைத்து, உருளையால் டயரைத் தேய்த்து ஓட்டிப் பார்த்தார். அன்றைய ஜப்பானில் நல்ல டயர் ஏது? தாங்கவில்லை. (பால்மரங்களுக்கு நடுவே வளர்ந்தவன் இந்த இடத்தில் கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம்.) எஞ்சினைச் சட்டத்தின் நடுவுக்கு மாற்றி, பெல்ட் போட்டுப் பின்சக்கரத்தைச் சுற்றவைத்தார். மனைவி சாச்சியை ஓட்டச் சொன்னார். கார்புரேட்டரிலிருந்து தெறித்த எண்ணெயில் அவர் உடை பாழானது. "வாங்குறவங்க திட்டுவாங்க" என்கிற மாதிரி அவர் சொல்ல, விற்பனைக்கு வருவதற்குள் அந்த ஒழுகல் நின்றது.

இதில் கணக்கு எங்கே என்று கேட்டால், இல்லைதான். கையும் கண்ணும் செய்த வேலை. ஆனால் இதே கை ஏறக்குறைய பத்து வருஷம் முன்பு தோற்றிருந்தது. பிஸ்டன் ரிங் வார்க்க இறங்கியவருக்கு, எத்தனை முறை வார்த்தும் சரியாக வரவில்லை. ஹமாமட்சு தொழில்நுட்பப் பள்ளிக்கு எடுத்துப் போனார். சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள், இரும்பில் சிலிக்கன் போதவில்லை என்று. விரல் நுனிக்கு மேடுபள்ளம் தெரியும். சிலிக்கன் எத்தனை சதவீதம் என்று தெரியாது. முப்பது வயதில் அதே பள்ளியில் பையன்களோடு உட்கார்ந்தார். டொயோட்டாவுக்குக் கொடுத்த 50 ரிங்கில் தேறியது 3. தேர்வு எழுத மறுத்ததால் பட்டம் கிடைக்கவில்லை. டிக்கெட் வசனம் இந்தத் தகராறில் பிறந்ததுதான். வகுப்பில் உட்கார்ந்த அந்தக் காலம் நம் ஆட்கள் சொல்லும் கதையில் வருவதே இல்லை.

இன்றைக்குப் பழைய சைக்கிளில் மின்மோட்டார் மாட்டும் தம்பிகளிடமும் இதே வாதம்தான். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ, 6 சதவீத ஏற்றம், மணிக்கு 15 கிலோமீட்டர். காற்றைச் சேர்க்காமலே ஏறத்தாழ 290 வாட் வேண்டும். 250 வாட் மோட்டாரை மிதிக்காமல் அதில் நெடுநேரம் ஏற்றினால் வெளி ஓடு தொட வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே சுருள் கருகத் தொடங்கியிருக்கும். கை சொல்லாது. அதே சமயம், கம்பியைப் பெட்டிக்குள் விடுமுன் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டால் மழைத்தண்ணி அங்கேயே சொட்டிவிடும் என்பதை எனக்கு எந்த விரிவுரையும் சொல்லவில்லை. பட்டறையில் ஓர் அண்ணன் சொன்னார்.

ஹோண்டா 1947இல் கியோஷி கவாஷிமாவை வேலைக்குச் சேர்த்தார். ஹமாமட்சுவில் பொறியியல் முடித்த இளைஞர். முதலாளி தரையில் சாக்பீஸால் கிறுக்குவார், கவாஷிமா அதை அளவுள்ள வரைபடமாக்குவார். ஹோண்டாவின் முதல் நாலு ஸ்ட்ரோக் வண்டியின் எஞ்சினும் இப்படித்தான் வந்தது. 1951 ஜூலை 15, புயல் மழை. அதை ஹக்கோனே மலைக் கணவாயில் ஏற்றிப் பார்க்க வேண்டும். வரைந்த கவாஷிமாவே ஓட்டினார். முதலாளி காரில் பின்னால் வந்தார். எட்டிப் பிடிக்க முடியவில்லை.