‘ஜெயிச்சிட்டோம்’ என்பதில் அடங்குவோர் யார்? வெளியூர் வெற்றியும் பெங்களூர்த் தமிழரும்

ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் ஈஜிபுராவை எட்டும்போது இரவு பாதி கடந்திருக்கும். ஐரோப்பாவில் குளிர்காலமெனில் இங்கே ஒன்றரை மணிக்கு ஆட்டம் தொடங்கி மூன்றரை மணியளவில் முடியும். 2019 மார்ச் 6 அன்று பாரிஸில் மான்செஸ்டர் யுனைடெட் 3–1 என வென்ற ஆட்டம் இந்திய நாட்காட்டியில் மார்ச் 7 விடியலுக்குள் வந்துவிட்டது. சொந்த மைதானத்தில் 0–2 எனத் தோற்றிருந்த அணி, எதிரியின் ஊரில், கூடுதல் நேரத்தில் கிடைத்த பெனால்டியால் அடுத்த சுற்றுக்குள் நுழைந்தது. மொத்தக் கோல்கள் சமமாயின. வெளியூரில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்ற விதி முடிவைத் தீர்மானித்தது. ஐரோப்பாவில் 1965இல் புகுத்தப்பட்ட அவ்விதி 2021இல் கைவிடப்பட்டது. பிறர் ஊரில் பெற்ற வெற்றி சொந்த ஊரில் பெற்றதைவிடப் பெரிது என்னும் ரசிகர் நம்பிக்கைக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சட்ட வடிவம் இருந்தது என்பது இதன் பொருள்.

இத்தகைய வெற்றியைத் தமிழ் ரசிகன் அறிவிக்கும் சொல் ‘ஜெயிச்சிட்டோம்’. மான்செஸ்டரைப் பார்த்தே இராத ஒருவன் ‘ஜெயிச்சிட்டாங்க’ எனப் படர்க்கையில் கூறாமல் தன்மைப் பன்மையில் கூறுவதை நகைப்பவர் உண்டு. நகைப்பு எளிது. ஆனால் ஈஜிபுராவிலும் அதைச் சூழ்ந்த ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, விவேக்நகர்ப் பகுதிகளிலும் அவ்வினைமுற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. தொலைக்காட்சிக்கும் ஐரோப்பியக் கழகங்களின் சட்டைகளுக்கும் அது முந்தையது.

முதலில் இலக்கணம். தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரையும் உள்ளடக்குவது ‘நாம்’. அவரை விலக்கி நிறுத்துவது ‘நாங்கள்’. இன்றைய கன்னடத்தில் ‘நாவு’ ஒன்றே இரண்டிற்கும் போதும். எனினும் தமிழின் வேறுபாடு பெயரோடு நின்றுவிடுகிறது. வினை அதை ஏற்பதில்லை. ‘நாம் வென்றோம்’, ‘நாங்கள் வென்றோம்’ இரண்டிலும் விகுதி ‘ஓம்’ மட்டுமே. எழுவாயை விட்டுவிட்டு ‘வென்றோம்’ எனக் கூவும்போது, கேட்பவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பது சொல்லப்படாமல் போகிறது. அன்றாடப் பேச்சில் சூழல் அதைத் தெளிவாக்கிவிடும். வெளியூரிலிருந்து வெற்றிச் செய்தி வரும் தருணத்தில் அத்தெளிவு கிடைப்பதில்லை. கிடைக்காமையே அத்தருணத்தின் பயன். (வட ஆர்க்காட்டுப் பக்கத்துப் பேச்சில் ‘கெலிச்சிட்டோம்’ என்பதும் உண்டு. கன்னடத்தின் ‘கெலுவு’, தெலுங்கின் ‘கெலுப்பு’ ஆகியவற்றுக்கு அது உறவு. அல்சூர்த் தெருவில் அச்சொல் எம்மொழிக்குரியது என ஒருவர் எல்லை வகுக்க முயன்றால் தோற்பார்.)

‘வெளியூர்’ என்ற சொல்லும் இங்கே எளிதன்று. 1809இல் ஆங்கிலப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டுப் பெங்களூரில் தங்கியபோது உருவான கண்டோன்மெண்ட்டை மக்கள் ‘தண்டு’ என்றனர். படைவீரர், கட்டடத் தொழிலாளர், சமையற்காரர், ஒப்பந்தக்காரர் எனத் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தோர் அதைச் சுற்றிக் குடியேறினர். 1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் திருப்பியளிக்கப்பட்ட பின்னரும் தண்டு ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. 1947 ஜூலையில்தான் மைசூரோடு இணைந்தது. பழைய பேட்டை ஒரு நாடு, தண்டு வேறொரு நாடு என்ற நிலை அறுபத்தாறு ஆண்டுகள் நீடித்தது. மூன்றாம் தலைமுறையாக ஈஜிபுராவில் வாழ்பவரும் ‘எந்த ஊர்?’ என்ற கேள்விக்குத் திருவண்ணாமலையையோ வேலூரையோ சேர்ந்த ஒரு கிராமத்தைச் சொல்வது இதன் தொடர்ச்சி. அவருக்குச் சொந்த மைதானம் எது, வெளியூர் எது?

1937இல் இக்கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது. பம்பாயில் 1891 முதல் நடந்துவந்த ரோவர்ஸ் கோப்பையை அதுவரை ஆங்கிலப் படைப்பிரிவுகளே வென்றுவந்தன. அவ்வாண்டு பெங்களூர் முஸ்லிம்ஸ் கழகம் அதை வென்ற முதல் இந்திய அணியாயிற்று. இறுதியாட்டத்தில் அது வீழ்த்தியது ஆங்கிலப் படையை அன்று. கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங்கை. 1934இல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகமான முகமதன் ஸ்போர்ட்டிங், அக்காலத்தில் நாடெங்கும் முஸ்லிம் ரசிகர்களின் பெருமிதமாக விளங்கியது. அத்தகைய அணிக்கு எதிராகப் பெங்களூர்க் கழகம் ஆடியபோது, பெயரில் உள்ள ‘முஸ்லிம்ஸ்’ எவரையும் பிரிக்கும் அடையாளமாக இருக்க இயலவில்லை. இருபுறமும் அதுவே இருந்தது. எஞ்சிய வேறுபாடு ‘பெங்களூர்’ மட்டுமே. மதத்தின் பெயர் தாங்கிய ஒரு கழகத்தின் வெற்றியைத் தண்டுத் தெருக்களின் இந்துவும் கிறித்தவரும் தமதாகக் கொள்ள அந்த இறுதியாட்டமே வழி திறந்தது எனக் கொள்ளலாம். மறு ஆண்டு ஆர்கைல் அண்டு சதர்லாண்ட் ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவை வென்று கோப்பையைத் தக்கவைத்தது வேறு வகை இன்பம். அதற்கு விளக்கம் தேவையில்லை.

பெங்களூர்க் கால்பந்து வரலாற்றை எழுதுவோர் பொதுவாக ஆட்டக்காரர் பட்டியலையே எழுதுகின்றனர். பட்டியல் செழிப்பானது என்பதில் ஐயமில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன், ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் ‘பஞ்ச பாண்டவர்’ எனப்பட்ட ஐவருள் அடங்கிய அகமது கான், தன்ராஜ், 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்ற அருமைநாயகம் எனப் பெயர்கள் நீளும். ஆனால் ஆட்டக்காரர் புறப்பட்டுப் போகிறார். தெரு அங்கேயே இருக்கிறது. கல்கத்தாவில் தன்ராஜ் அடித்த கோல் தண்டில் யாருடைய கோல்? வங்கத்துக் கழகத்தின் வெற்றியைத் தம் தெருப் பையனின் வெற்றியாகக் கேட்டுப் பழகிய செவிகள் இங்கே இருந்தன. கழகம் நம்முடையது அன்று; கால் நம்முடையது. ஐரோப்பியக் கழகத்துக்கு இன்று பயன்படும் ‘ஓம்’ விகுதி அன்றே இவ்வாறு நெகிழத் தொடங்கிவிட்டது.

மாநில அணியின் கதை இன்னும் சிக்கலானது. 1946–47இல் மைசூர் அணி பெங்களூரில் வங்கத்தை வென்று சந்தோஷ் கோப்பையைப் பெற்றது. அப்போது தண்டு அரசியல் கணக்கில் மைசூருக்குள் இல்லை. கால்பந்துக் கணக்கில் முன்பே இணைந்திருந்தது. 1952–53இலும் மைசூருக்கே கோப்பை, அதுவும் பெங்களூரில். பின்னர் 1967–68இல் கட்டாக்கில், அதே வங்கத்தை எதிர்த்து. கட்டாக் வெற்றி இவற்றுள் தனித்து நிற்பது. சொந்த ஊர்க் கூட்டம் முதுகுக்குப் பின்னால் இல்லாமல், கல்கத்தாவுக்கு அருகிலேயே, வங்கத்தை வெல்வது எளிய செயலன்று. 1956இல் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டுவிட்ட காலம் அது. மைசூர் கன்னட மாநிலமாகிவிட்டது. தண்டின் தமிழர் ‘மொழிச் சிறுபான்மையர்’ என்ற புதிய தலைப்பின்கீழ் வந்துவிட்டனர். ஆயினும் ‘மைசூர் வென்றது’ என்ற செய்திக்கு ‘வென்றோம்’ என மறுமொழி கூற எவருக்கும் மொழிச் சான்றிதழ் தேவைப்படவில்லை.

இவ்விடத்தில் ஒரு வாதத்தை முன்வைக்கலாம். சொந்த மைதான வெற்றியில் ரசிகன் பார்க்கப்படுகிறான். எந்தப் பகுதியில் அமர்ந்தான், எம்மொழியில் கூவினான், எக்கொடியைப் பிடித்தான் என்பதெல்லாம் வெளிப்படை. வெளியூர் வெற்றிக்கு மைதானமே இல்லை. செய்தி மட்டும் உண்டு. அது தந்தியாக, நாளிதழாக, வானொலியாக, பின்னர்த் தொலைக்காட்சியாக வீட்டுக்குள் வருகிறது. நுழைவாயிலில் நின்று எவரும் சரிபார்ப்பதில்லை. ஆகவே சிறுபான்மையர் ஒருவர் நகரத்தின் ‘நாம்’ என்பதற்குள் ஓசையின்றி நுழைய வெளியூர் வெற்றியே அகன்ற வாசல். அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோருடன் பெலேவுக்கும் சிலை எழுப்பப்பட்டிருப்பது இதன் எல்லை நிலை. தமிழ் பேசும் தலித் மக்கள் மிகுந்த அப்பகுதியில் உலகக் கோப்பைக் காலத்தில் பிரேசிலின் வெற்றி தெருவின் வெற்றி. மைசூரும் வேண்டாம், இந்தியாவும் வேண்டாம், கறுப்பு உடலொன்று உலகை வென்ற செய்தி போதும் என்பது விளையாட்டுத்தனமான தேர்வன்று.

வாசல் அகன்றது என்பதால் வீடு பாதுகாப்பானது என்று பொருளாகாது. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதும் பெங்களூர்த் தமிழர் தாக்கப்பட்டனர். பெருந்தொகையினர் நகரை விட்டு ஓடினர். ‘எந்த ஊர்?’ என்ற வினா வழக்கமான நலம் விசாரிப்பாக இல்லாமல் போன நாட்கள் அவை. அந்நாட்களில் பழைய கோப்பைகள் எவருக்கும் அரணாகவில்லை.

ஈஜிபுராவுக்கு வேறொரு காயமும் உண்டு. 2013 ஜனவரியில் நலிந்த பிரிவினருக்கான குடியிருப்பு நிலத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, அவர்களின் கொட்டகைகள் இடிக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் பெங்களூரு எஃப்சி தோன்றியது. இரண்டுக்கும் காரணத் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் ஒரே ஆண்டில் நகரம் ஒரு பகுதி மக்களின் கூரையைப் பெயர்த்ததையும், ‘நகரத்தின் அணி’ என ஒன்று அழைப்பு விடுத்ததையும் சேர்த்துப் படிக்காமல் இருக்க முடியவில்லை. முதல் பருவ ஆட்டங்கள் அசோக் நகரிலுள்ள கால்பந்து மைதானத்தில் நடந்தன. அதன் மேற்குப் பகுதி இருக்கைகளின் பெயரால் ‘வெஸ்ட் பிளாக் புளூஸ்’ என்ற ரசிகர் கூட்டம் உருவானது. ஈஜிபுராவிலிருந்து எளிதில் எட்டக்கூடிய மைதானம் அது. 2014 ஏப்ரல் 21 அன்று கோவாவின் பதோர்தாவில் டெம்போ அணியை 4–2 என வென்று, முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டத்தை அணி பெற்றது. அப்பட்டமும் வெளியூரிலேயே உறுதியாயிற்று.

அடுத்துக் கூறவேண்டியது 2016. மே மாதத்தில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கோப்பையின் முன்காலிறுதியில் பெங்களூரு, ஹாங்காங்கில் கிட்சி அணியை 3–2 என வென்றது. ஐரோப்பிய ரசிகர் பெரிதெனப் போற்றும் வகையைச் சேர்ந்த வெற்றியே இது: ஒரே ஆட்டம், எதிரியின் மைதானம், ஒரு கோல் வேறுபாடு. காலிறுதி செப்டம்பருக்குத் தள்ளியிருந்தது. செப்டம்பர் 12 அன்று, காவிரி நீர்த்திறப்பு குறித்த உச்ச நீதிமன்ற ஆணையையொட்டி நகரம் மீண்டும் எரிந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் டசின் கணக்கில் கொளுத்தப்பட்டன. 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு விதிக்கப்பட்டது. இரண்டே நாளில், செப்டம்பர் 14 அன்று, கண்டீரவா மைதானத்தில் சிங்கப்பூரின் டாம்பைன்ஸ் ரோவர்ஸை அணி எதிர்கொண்டு 1–0 என வென்றது. கோல் அடித்தவர் கேரளத்தின் சி. கே. வினீத்.

அந்த வாரத்தில் ‘நம்ம ஊரு’ என்ற தொடரைத் தமிழ் வாயால் உரக்கச் சொல்வது என்னவாக இருந்திருக்கும் என எண்ணிப் பார்க்கலாம். ‘நம்ம’ இரு மொழிக்கும் பொது. ‘ஊர்’ இரு மொழிக்கும் பொது. பிரிப்பது கன்னடத்தின் இறுதி உகரம் ஒன்றே. அதுவும் பேச்சுத் தமிழில் ‘ஊரு’ என ஒலித்துவிடுகிறது. கூச்சலுக்குள் நிற்கும்வரை தமிழரையும் கன்னடரையும் காது பிரித்தறிய முடியாது. மைதானத்தை விட்டு இறங்கிப் பேருந்தில் பக்கத்து இருக்கையரோடு இரண்டாம் வாக்கியத்தைத் தொடங்கும்போதுதான் பிரித்தறியலாம்.

ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 21 அன்று, இரண்டாம் ஆட்டம் சிங்கப்பூரில் நடந்தது. தமிழ் பேசியதற்கு அஞ்ச வேண்டியிருந்த நகரத்தின் அணி, தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள நகரத்தில் ஆடி, 0–0 என்ற கணக்கில் அரையிறுதிக்குத் தேறியது. பின்னர் ஜொகூரில் 1–1. யூஜின்சன் லிங்டோவின் கோல். அக்டோபர் 19 அன்று கண்டீரவாவில் 3–1; நடப்பு வாகையரான ஜொகூர் அணி வெளியேறியது. ஒரு மேகாலயர், ஒரு மலையாளி, செகந்திராபாதில் பிறந்த தலைவர் சுனில் சேத்ரி, ஒரு ஸ்பானியத் தடுப்பாளர். இவர்களுக்கெல்லாம் ‘நாம்’ என்பதில் இடம் உண்டெனில், ஈஜிபுராவின் மூன்றாம் தலைமுறைத் தமிழருக்கு இடம் உண்டா என்ற கேள்வியே அபத்தமாகிறது. ஆனாலும் ஐந்து வாரங்களுக்கு முன் அக்கேள்வி தெருவில் எழுப்பப்பட்டிருந்தது. நவம்பர் 5 அன்று தோஹாவில் ஈராக்கின் விமானப்படை அணியிடம் 0–1 எனப் பெங்களூரு தோற்றது. ஆசியக் கோப்பையொன்றின் இறுதிக்குச் சென்ற முதல் இந்தியக் கழகத்தின் தோல்வி அது. ‘தோத்துட்டோம்’ என்பதிலும் அதே விகுதி. தோல்வியிலும் அதைக் கைவிடாதவரே ரசிகர் என்பதால், ஆய்வாளர் கவனிக்க வேண்டிய சொல் ஒருவேளை இதுவாக இருக்கலாம்.

1968–69இல் பெங்களூரில் வங்கத்தை மீண்டும் வென்றபின் மாநில அணிக்குச் சந்தோஷ் கோப்பை கிட்டவில்லை. இடையில் மைசூர் ‘கர்நாடகம்’ ஆயிற்று. 2023 மார்ச் 4 அன்று மேகாலயத்தை 3–2 என வீழ்த்திக் கோப்பையை மீட்டபோது இடைவெளி 54 ஆண்டுகள். அணித் தலைவரின் பெயர் கார்த்திக் கோவிந்த சுவாமி. இறுதியாட்டம் நடந்தது இந்தியாவிலேயே அன்று. சவூதி அரேபியாவின் ரியாத் நகரில், கிங் ஃபஹத் மைதானத்தில். ஈஜிபுராவில் அப்போது மேம்பாலத் தூண்கள் பாதியில் நின்றுகொண்டிருந்தன. செய்தி வழக்கம்போல் வெளியூரிலிருந்து வந்தது.