பழைய பிக்கப் வண்டியின் சேஸிஸ் சீரமைப்பு

அமெரிக்காவில் 1953இல் அறிமுகமான ஃபோர்டு எஃப்-100 போன்ற பிக்கப் வண்டிகளின் கேபின், எஞ்சின், சரக்குப் பெட்டி அனைத்தையும் சுமப்பது ஏணி வடிவ எஃகுச் சட்டமான சேஸிஸ். பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு இதன் பெரும் பகை. ரிவெட் அடித்த இணைப்புகளின் இடுக்கில் தங்கும் சேறும் ஈரமும் துருவை வளர்க்கின்றன.

வீட்டுக் கொட்டகையில் இதைச் சீரமைப்போர், கேபினையும் பெட்டியையும் கழற்றிச் சட்டத்தை உறுதியான தாங்கிகளில் நிறுத்துவர். சுத்தியலால் தட்டும்போது உலோகம் உள்வாங்கினால், அவ்விடத்தைத் துரு தின்றுவிட்டது என்று பொருள். மூலைவிட்டங்களை அளந்து சட்டம் கோணவில்லை என்று உறுதிசெய்தபின், அப்பகுதியை வெட்டி அதே தடிப்புள்ள எஃகை வெல்டிங் செய்வர்.

மேல்துருவைக் கம்பித் தூரிகை நீக்கும். எஞ்சியதைப் பாஸ்பாரிக் அமிலம் இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். பிறகு எபாக்சி பிரைமர், அதன்மேல் கறுப்புப் பெயின்ட்.

ஓட்டுபவரின் உயிர் சட்டத்தின் உறுதியைச் சார்ந்திருப்பதால், வெல்டிங்கை மட்டும் தேர்ந்த தொழிலாளரிடம் ஒப்படைப்பதே நல்லது.