நைல் நதிக்கரையிற் சூரிய இயந்திரம்

இயந்திர மனிதன், செயற்கை நுண்ணறிவு, உயிர்த் தொழினுட்பம், தூய சத்தி என்பவற்றை ஒருங்கு சேர்த்துத் ‘தோன்றிவரும் தொழினுட்பங்கள்’ என வழங்குதல் இக்கால வழக்கு. இவற்றுள் ஈற்றில் நின்ற தூய சத்திக்குத் ‘தோன்றிவரும்’ என்னும் அடை எத்துணைப் பொருந்தும் என்பது ஆராயற்பாலது. ஞாயிற்றின் வெம்மையாற் பெரியதோர் இயந்திரத்தை இயக்கி வயலுக்கு நீரிறைத்த செயல் 1913ஆம் ஆண்டிலேயே எகிப்து நாட்டில் நிகழ்ந்துவிட்டது. நிகழ்ந்த அது நிலைபெறாது போனமைக்குக் காரணம் யாது? பொறியின் குறைபாடே காரணம் எனப் பலர் கருதுவர். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

இத்துறையில் முன்னோடியாக விளங்கியவர் பிரான்சு நாட்டினரான ஒகுஸ்தென் மூஷோ. கணித ஆசிரியராகத் தொழில் புரிந்த இவர், நிலக்கரி ஒருநாள் தீர்ந்தே போகும் என்றெண்ணிக் கதிரவனை நாடினார். 1878ஆம் ஆண்டிற் பாரிசு மாநகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியிலே, கூம்பு வடிவான பெரிய தெறிப்பானாற் கதிர்களைத் திரட்டி, அவ்வெப்பங்கொண்டு பனிக்கட்டி உறையச் செய்து காட்டினார். வெயிலாற் பனிக்கட்டி ஆக்கிய விந்தையைக் கண்டோர் வியந்தனர், பொற்பதக்கமும் கிடைத்தது. அரசாங்கமோ நிலக்கரியின் விலையைப் பார்த்தது. அது மலிந்திருந்தமையின் சூரிய இயந்திரம் ஆதாயந் தராது எனத் துணிந்து உதவியை நிறுத்திற்று. பள்ளியாசிரியர் ஒருவரின் கனவு கணக்கேட்டின் முன் தோற்றல் புதுமையன்று. மூஷோ 1912ஆம் ஆண்டில் வறுமையிற் காலமானார்.

அவ்வாண்டிலேயே எகிப்தில் வேறொருவரின் பொறி எழுந்துகொண்டிருந்தது. அவர் பிலதெல்பியா நகரத்துப் பிராங் சூமன். பள்ளிப்படிப்புக் குறைந்தவராயினும், கம்பி பதித்த உடையாக் கண்ணாடியைக் கண்டுபிடித்துப் பொருளீட்டியவர். 1907ஆம் ஆண்டிலே, கண்ணாடி மூடிய பெட்டிகளுட் கரிய குழாய்களை அமைத்து, குறைந்த வெப்பத்திற் கொதிக்கும் ஈதர் என்னும் திரவத்தை அவற்றுள் நிரப்பிச் சிறிய இயந்திரம் ஒன்றை ஓட்டிக் காட்டினார். பின்னர் ஆங்கிலேயர் பொருளுதவி புரிய, கெய்ரோவுக்குத் தெற்கேயுள்ள மாதி என்னும் ஊரைத் தேர்ந்தார். அவர் வரைந்த அமைப்பைச் சீர்செய்யுமாறு அழைக்கப்பட்ட பௌதிகவியலறிஞர் சி. வி. போய்ஸ், தெறிப்பான்களைப் பரவளைவு வடிவில் அமைக்குமாறு கூறினார். பரவளைவின் அச்சுக்குச் சமாந்தரமாக வரும் கதிர்கள் யாவும் அதன் குவியத்தைச் சேரும் என்பது மாணாக்கர் அறிந்த கேத்திரகணித உண்மையே. ஏட்டிற் கிடந்த அவ்வுண்மை மாதியிலே இரும்பும் கண்ணாடியுமாக உருப்பெற்றது.

ஒவ்வொன்றும் 204 அடி நீளமும் 13 அடி அகலமும் கொண்ட ஐந்து தெறிப்பான்கள் வடக்குத் தெற்காக நிறுவப்பட்டன. நீண்ட தொட்டி போன்ற அவற்றின் குவியக் கோட்டிற் கொதிகலங்கள் கிடந்தன. காலை தொடங்கி மாலைவரை ஞாயிற்றைப் பின்தொடர்ந்து அவை தாமே திரும்புமாறு பொறி அமைந்திருந்தது. முதலில் இட்ட நாகக் கொதிகலங்கள் எகிப்தின் வெயிலைத் தாங்காது இளகித் தொங்கின. வார்ப்பிரும்பினால் வேறு செய்து மாற்றினர். வெப்பம் போதாது என்று நகைத்தோருக்கு இஃதொரு விடை போலும்! 1913ஆம் ஆண்டிலே, 50க்கு மேற்பட்ட பரிவலுவுடன் இயங்கிய அவ்வியந்திரம் நிமிடத்துக்கு 6,000 கலன் நீரை நைல் நதியிலிருந்து இறைத்தது.

யாழ்ப்பாணத்துத் துலாவை ஒத்த சாதூப் என்னும் பொறியால், மிகப் பழைய காலந்தொட்டு மனிதர் தோள்வலியைக்கொண்டே நீரிறைத்து வந்த நாடு எகிப்து. அங்கே நிலக்கரி இல்லை; பிரித்தானியாவிலிருந்து கப்பலில் வரவேண்டியிருந்தமையின் அதன் விலை மிகுந்திருந்தது. ஆதலின் பாரிசிற் பொருந்திய கணக்கு மாதியிற் பொருந்தவில்லை. எகிப்தில் அதிகாரம் செலுத்திய கிச்சினர் பிரபு, சூடானில் 30,000 ஏக்கர் பருத்தித் தோட்டத்தைச் சூமனுக்கு அளிக்க முன்வந்தார். சேர்மானியப் பாராளுமன்றமும் தன் ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளை நோக்கி 200,000 மார்க்கு வழங்க இசைந்தது. இவ்வாதரவிலே உழவன்மீது கொண்ட இரக்கத்தைத் தேடுதல் வீண். இலங்காசயர் ஆலைகளுக்குப் பருத்தி வேண்டியிருந்தது. பருத்திக்கு நீர் வேண்டியிருந்தது. சூமனோ சகாராப் பாலைவனத்தில் ஏறக்குறைய 20,000 சதுரமைலில் தெறிப்பான்களைப் பரப்பின் உலகுக்கு வேண்டிய வலு முழுவதையும் பெறலாம் எனக் கணித்திருந்தார்.

1914ஆம் ஆண்டு யூலை மாத இறுதியில் முதலாம் உலகப் போர் மூண்டது. பொறியியலாளர் தத்தம் நாடுகளுக்குத் திரும்பினர். கிச்சினர் போர் அமைச்சராகி, 1916ஆம் ஆண்டிற் கப்பலோடு கடலில் மாண்டார். போர் முடியுமுன்னரே, 1918ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திற் சூமனும் மறைந்தார். மாதியின் பொறி கைவிடப்பட்டது.

எனினும் போரை மட்டும் காரணமாகக் கூறுதல் முழு உண்மையாகாது. 1908ஆம் ஆண்டிற் பாரசீகத்தில் எண்ணெய் ஊற்றுக் கண்டுபிடிக்கப்பட்டது. பிரித்தானியக் கடற்படை நிலக்கரியை விடுத்து எண்ணெயைத் தழுவத் தொடங்கிற்று. போருக்கு ஏறக்குறைய இரு மாதங்களின் முன், ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பனியின் பெரும்பான்மைப் பங்குகளை அரசாங்கமே வாங்குதற்குப் பாராளுமன்றம் இசைவளித்தது. கதிரவனுக்குப் பங்குதாரர் இலர். போர் முடிந்தபின் மாதிக்குத் திரும்ப எவரும் அவாவாமைக்கு இதனினும் வலிய காரணம் தேடவேண்டுவதில்லை.

1973ஆம் ஆண்டில் எண்ணெய் விலை உயர்ந்தபோதே உலகம் மீண்டும் ஞாயிற்றை நோக்கியது. 1984 முதல் 1990 வரை கலிபோர்னியாவின் மொகாவே பாலைவனத்தில் லூஸ் என்னும் கம்பனி பரவளைவுத் தெறிப்பான்களைக் கொண்டு ஒன்பது மின்னிலையங்களை நிறுவிற்று. அவற்றின் மொத்த வலு 354 மெகாவாற்று. எரிபொருள் விலை தாழ்ந்து, வரிச் சலுகையும் குன்றியபோது, 1991ஆம் ஆண்டில் அக்கம்பனி முறிந்தது. நிலையங்களோ அதன்பின்னும் பல ஆண்டுகள் மின்சாரம் வழங்கின. மூஷோவுக்கு நேர்ந்தது நூறாண்டின்பின் லூசுக்கும் நேர்ந்தது. இருமுறையும் பழுதுற்றது இயந்திரமன்று.

எகிப்து தானும் 2011ஆம் ஆண்டிலே, மாதிக்குத் தெற்கே அதே நைல் நதிப் பள்ளத்தாக்கிலுள்ள குரைமாத் என்னுமிடத்திற் பரவளைவுத் தெறிப்பான்களை நிறுவியது. அந்நிலையத்தின் வலு 140 மெகாவாற்று. அதிற் கதிரவனின் பங்கு 20. எஞ்சியது இயற்கை வாயுவின் பங்கு.