குடும்ப வரவு செலவுத் திட்டம்

குடும்ப வரவு செலவுத் திட்டம் என்பது வீட்டுக்கு வரும் பணத்தையும் வீட்டிலிருந்து போகும் பணத்தையும் முன்கூட்டியே கணித்து, எந்தத் தேவைக்கு எவ்வளவு, எந்த மாதத்தில் என்று வகுத்துக்கொள்ளும் முறை. பொது வழக்கில் இது சிக்கனத்தின் மறுபெயராகவே கருதப்படுகிறது. செலவுகளை வரிசையாக எழுதி, தேவையற்றவை எனத் தோன்றுவதை அடித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்பது பலரின் நம்பிக்கை. ஆனால் உழைத்துச் சம்பாதிக்கும் குடும்பங்களின் கணக்குகளைக் கூர்ந்து பார்த்தால், துண்டு விழுவதற்கு ஊதாரித்தனம் முதன்மைக் காரணமாகத் தெரிவதில்லை. பெருஞ்செலவுகள் வரும் மாதமும் பணம் கையில் இருக்கும் மாதமும் பொருந்தாமல் போவதே பல வீடுகளைக் கடனில் தள்ளுகிறது. ஆகவே நல்ல திட்டம் செலவின் அளவைப் பார்ப்பதற்கு முன் செலவின் காலத்தைப் பார்க்கவேண்டும். எதையாவது குறைப்பதென்றால் முதலில் வட்டியைக் குறைக்கவேண்டும்.

வரலாறும் அளவீடும்

குடும்பக் கணக்கைச் சமூக ஆராய்ச்சிக்குரிய சான்றாகக் கொள்ளும் வழக்கம் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. பெல்ஜியத்தின் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவு விவரங்களை எதுவார் துய்க்பெத்தியோ 1855இல் வெளியிட்டார். அவற்றை ஆராய்ந்த ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல், 1857இல் ஒரு விதியை முன்வைத்தார்: வருமானம் குறையக் குறைய, மொத்தச் செலவில் உணவின் பங்கு கூடும். பொது உதவியை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் செலவில் சுமார் 71 விழுக்காட்டை உணவுக்குக் கொடுத்தன. உதவியின்றி வாழ்க்கையை ஓட்டியவர்கள் சுமார் 67 விழுக்காட்டையும், ஓரளவு வசதியாக இருந்தவர்கள் சுமார் 62 விழுக்காட்டையும் கொடுத்தார்கள். ஏழைக் குடும்பத்திடம் செலவைக் குறை என்று சொன்னால், அது குறைக்கக்கூடியதாக எஞ்சியிருப்பது பெரும்பாலும் சாப்பாடுதான் என்பதை இக்கணக்கு காட்டிவிடுகிறது. எங்கெலின் விதி இன்றும் வறுமை ஆய்வுகளின் அடிப்படைகளில் ஒன்று.

இந்தியாவில் இந்த அளவீட்டைத் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு செய்துவருகிறது. 1999-2000ஆம் ஆண்டில் கிராமக் குடும்பங்களின் செலவில் உணவு 59.4 விழுக்காடாகவும், நகரக் குடும்பங்களில் 48 விழுக்காடாகவும் இருந்தது. 2023-24இல் இவை முறையே 47, 40 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிட்டன. இதை வளர்ச்சியின் அடையாளமாகச் சொல்வது சரியே. ஆனால் இதற்குள் இன்னொரு மாற்றம் இருக்கிறது. அரிசி, பால், காய்கறி ஆகியவை நாள்தோறும் சிறுசிறு தொகையாகப் போகும் செலவுகள். அவற்றின் இடத்தைப் பிடித்துவரும் கல்விக் கட்டணம், மருத்துவம், வாகனம், வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றில் பல, ஆண்டில் ஓரிரு முறை மொத்தமாக வருபவை. உணவின் பங்கு சுருங்கச் சுருங்க, குடும்பச் செலவு சீரான ஓட்டத்தை இழந்து, இடையிடையே பெருந்தொகைகளாக வெடிக்கிறது. மாத வரவையும் மாதச் செலவையும் மட்டும் ஒப்பிடும் கணக்கு முறை இந்த மாற்றத்துக்கு ஈடுகொடுக்காது.

செலவின் காலம்

தமிழ்நாட்டுக் குடும்பத்தின் ஆண்டை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வருகிறது. சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை. பள்ளி திறக்கும் ஜூனில் கட்டணம், நோட்டுப் புத்தகம், சீருடை, காலணி எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கின்றன. ஆவணியிலும் தையிலும் கல்யாணங்கள் வந்தால் மொய்யும் சீரும் தொடரும். இடையில் தீபாவளி, பொங்கல், வண்டிக் காப்பீடு. இவற்றில் எதுவும் எதிர்பாராத செலவு இல்லை. நாட்காட்டியைப் புரட்டினால் எல்லாம் தெரியும். ஆனாலும் ஒவ்வொன்றும் வரும்போது திடீர்ச் செலவு போலவே எதிர்கொள்ளப்படுகிறது. காரணம், மாதச் சம்பளத்துக்குள் மாதச் செலவு அடங்கினால் போதும் என்ற எண்ணம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதைத் தெளிவாக்கும். 2022-23ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி தலா மாதச் செலவு கிராமங்களில் 5,310 ரூபாய், நகரங்களில் 7,630 ரூபாய். நால்வர் குடும்பத்துக்கு இது 21,000 முதல் 30,500 ரூபாய் வரை ஆகும். இடையில் 25,000 ரூபாய் மாத வருமானமுள்ள ஒரு குடும்பத்தைக் கொள்வோம். வாடகை, மளிகை, பால், காய்கறி, எரிவாயு, போக்குவரத்து, கைப்பேசி எல்லாம் சேர்ந்து மாதம் 20,000 ரூபாய். ஆண்டில் சில முறை மட்டும் வருபவை: பள்ளிச் செலவு 24,000, தீபாவளி 12,000, மொய்யும் சீரும் 9,000, பொங்கல் 5,000, வண்டி 5,000, மருத்துவம் 5,000, ஆக 60,000 ரூபாய். ஆண்டு வரவு 3,00,000. ஆண்டுச் செலவும் 3,00,000. கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் ஜூன் மாதத்தில் 25,000 ரூபாய் வரவுக்கு 44,000 ரூபாய் செலவு நிற்கிறது. முந்தைய மாதங்களில் எஞ்சிய தொகை தனியே வைக்கப்படாமல் கரைந்திருந்தால், 19,000 ரூபாய்ப் பற்றாக்குறையைச் சமாளிக்க 20,000 ரூபாயாகக் கடன் வாங்குவது தவிர வழியில்லை. மூன்று வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வீதம் வாங்கி, தீபாவளியும் கல்யாணங்களும் குறுக்கிட்டதால் பத்து மாதம் கழித்து அடைத்தால், வட்டி மட்டும் 6,000 ரூபாய். ஆண்டுக் கணக்கில் துண்டு விழாத குடும்பம், செலவு வந்த காலத்தின் காரணமாகத் துண்டு விழும் குடும்பமாகிறது.

இந்த 6,000 ரூபாயைச் சிக்கன அறிவுரைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். தினமும் கடையில் குடிக்கும் 15 ரூபாய்த் தேநீர் ஒன்றை ஆண்டு முழுவதும் விட்டுவிட்டால் மிஞ்சுவது 5,475 ரூபாய். தேநீரை விடுபவர் உழைப்பின் நடுவே கிடைக்கும் ஒரு சிறு ஆறுதலை இழக்கிறார். வட்டியை விடுபவர் எதையும் இழப்பதில்லை. சாப்பாட்டுத் தட்டிலிருந்து முட்டையையோ குழந்தையின் பாலையோ குறைத்து மிச்சம் பிடிப்பதைவிட, யாருக்கும் ஊட்டம் தராத வட்டியைக் குறைப்பதே அறமும் அறிவும் சேர்ந்த வழி.

கடனும் கையிருப்பும்

அப்படியானால் கடனை அடைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது. இந்தியாவிலும் பிலிப்பைன்சிலும் உயர்வட்டிக்குக் கடன் வாங்கித் தொழில் நடத்திவந்த சந்தை வியாபாரிகளின் கடனை ஆய்வாளர்களே அடைத்தார்கள். பெரும்பாலோர் ஆறு வாரங்களுக்குள் மீண்டும் கடனுக்குள் வந்துவிட்டார்கள். கடன் போனாலும், அடுத்த காய்ச்சலுக்கோ கல்யாணத்துக்கோ எடுத்துக் கொடுக்கக் கையிருப்பு இல்லாதவரை கடன் திரும்பி வரும் என்பது இதிலிருந்து பெறத்தக்க பாடம். ஆகவே வட்டியைக் குறைக்கும் வேலையும் கையிருப்பைக் கட்டும் வேலையும் சேர்ந்தே நடக்கவேண்டும்.

பணத்தின் காலம் மனத்தையும் பாதிக்கிறது. ஆனந்தி மணி, முல்லைநாதன், எல்தார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் தமிழ்நாட்டின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. கரும்புப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வருவது. அறுவடைக்கு முன் அவர்கள் கடனும் அடகுமாக இருந்தார்கள். பின்னர் கையில் பணம் இருந்தது. அதே விவசாயிகள் சிந்தனைத் திறன் சோதனைகளில் அறுவடைக்கு முன் செய்ததைவிட அறுவடைக்குப் பின் நன்றாகச் செய்தார்கள். ஆள் மாறவில்லை, பணத்தட்டுப்பாட்டுக் காலம் மட்டுமே மாறியது. பணமுடையில் இருப்பவர் தவறான முடிவெடுக்கிறார் என்று பழிப்பவர்கள் இதை மனத்தில் கொள்ளவேண்டும். முடையான மாதத்தில் எடுக்கவேண்டிய முடிவை, பணம் இருக்கும் மாதத்திலேயே எடுத்துவைப்பதுதான் திட்டத்தின் உண்மையான பயன்.

மறுப்புகளும் விடைகளும்

சிறுதுளி பெருவெள்ளம் ஆகாதா என்பது முதல் மறுப்பு. ஆகும், அதனால்தான் எந்தச் செலவையும் ஆண்டுத் தொகையாக மாற்றிப் பார்க்கவேண்டும். நாளுக்கு 150 ரூபாய் மதுவுக்குப் போனால் ஆண்டுக்கு 54,750 ரூபாய். மேலே கண்ட குடும்பத்தின் பெருஞ்செலவுகள் அத்தனையையும் கிட்டத்தட்ட அது ஒன்றே விழுங்கிவிடும். அதைச் சிறுசெலவு என்று சொல்லவே முடியாது. ஒரு செலவு சிறியதா பெரியதா என்பதை ஒரு நாள் தொகையைக் கொண்டு தீர்மானிப்பது இரு பக்கமும் பிழை தரும்: தேநீர் பெரிதாகத் தெரியும், மது சிறிதாகத் தெரியும்.

நாட்கூலிக்காரருக்கும் அரைவயிற்றுக் குடும்பத்துக்கும் திட்டமிட என்ன இருக்கிறது என்பது இரண்டாவது மறுப்பு. இதற்கு எதிரான சான்று வலுவானது. வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் 250க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களின் பணப் போக்குவரத்தைச் சுமார் ஓராண்டு தொடர்ந்து பதிந்த ஆய்வு, 2009இல் 'போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் தி புவர்' என்ற நூலாக வந்தது. அதில் சேமிப்பும் கடனும் இல்லாத குடும்பமே இல்லை. நான்கு வகைப் பண ஏற்பாடுகளுக்குக் குறைவாகப் பயன்படுத்திய குடும்பமும் இல்லை. வருமானம் குறைவாகவும் ஒழுங்கின்றியும் இருப்பதாலேயே அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் பணத்தை நிர்வகிக்கவேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் பெண்கள் சேர்க்கும் சிறுவாட்டுப் பணம், தெருவில் நடக்கும் குலுக்கல் சீட்டு, ஏலச் சீட்டு, கைமாற்று, நகை அடகு எல்லாம் இந்த நிர்வாகத்தின் கருவிகளே. திட்டமிடும் திறன் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. மலிவும் பாதுகாப்பும் உள்ள கருவிகள்தான் போதவில்லை.

மொய், சீர், திருவிழா ஆகியவை வீண்செலவு, அவற்றை வெட்டினாலே போதும் என்பது மூன்றாவது மறுப்பு. ராஜஸ்தானின் உதய்ப்பூர்ப் பகுதி ஏழைக் குடும்பங்கள்கூட ஆண்டுச் செலவில் சுமார் பத்தில் ஒரு பங்கைத் திருவிழாக்களுக்குக் கொடுத்ததை அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2007இல் பதிவு செய்தார்கள். இதைப் பகட்டு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் மொய் என்பது, கொடுத்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது திரும்பி வரும் பணம். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் நடக்கும் மொய் விருந்துகளில் நோட்டுப் போட்டுக் கணக்கெழுதி, வட்டியில்லாப் பெருந்தொகை திரட்டுகிறார்கள். ஒரு குடும்பம் உறவிலிருந்து விலகி மிச்சம் பிடித்தால், அவசரத்துக்குக் கைமாற்றுக் கேட்கவும் ஆள் இருக்காது. குறைக்கவேண்டியது கடன் வாங்கிச் செய்யும் ஆடம்பரத்தை. உறவைப் பேணும் அளவான செய்முறையை ஆண்டுக் கணக்கில் முன்பே சேர்த்துவிடவேண்டும்.

விலைவாசி ஏறும்போது பணத்தைச் சேர்த்துவைப்பது நட்டமில்லையா என்பது நான்காவது மறுப்பு. மேற்கண்ட குடும்பம் மாதம் 5,000 ரூபாய் ஒதுக்கினால், எடுத்தும் போட்டும் சராசரியாகக் கையில் நிற்பது 30,000 ரூபாய்க்கு மேல் போகாது. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினாலும் அதன் மதிப்பிழப்பு 1,800 ரூபாய். அஞ்சலகத்திலோ வங்கியிலோ போட்டால் இன்னும் குறையும். மூன்று வட்டியோ ஆண்டுக்கு 36 விழுக்காடு.

நடைமுறை

பெயர்பெற்ற முறைகள் பல உண்டு. ஜப்பானில் ஹானி மோட்டோகோ 1904இல் குடும்பக் கணக்குப் புத்தகத்தை வெளியிட்டு, செலவு செய்தபின் எழுதுவதைவிடச் செலவுக்குமுன் வரையறுப்பதை வலியுறுத்தினார். அமெரிக்காவில் எலிசபெத் வாரனும் அவர் மகள் அமேலியா வாரன் தியாகியும் 2005இல் தேவைக்கு 50, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கு 20 விழுக்காடு என்ற பகுப்பைப் பரப்பினார்கள். உணவுக்கு மட்டும் 40 முதல் 47 விழுக்காடு போகும் நாட்டில், வாடகையும் பள்ளிக் கட்டணமும் சேர்ந்தால் தேவை 50 விழுக்காட்டைத் தாண்டிவிடும். ஆகவே இந்த விகிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, எட்டமுடியவில்லையே என்று குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. நம் குடும்பங்களுக்குப் பொருந்துவது ஆண்டு நாட்காட்டி முறை. பன்னிரண்டு மாதத்தின் பெருஞ்செலவுகளையும் ஒரு தாளில் எழுதி, கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, அத்தொகையைச் சம்பளம் வந்த அன்றே வேறு கணக்கில் போட்டுவிடவேண்டும். கூலி வேலை செய்பவர்கள் வேலை அதிகம் கிடைக்கும் மாதங்களில் கூடுதலாகவும் மழைக்காலத்தில் குறைவாகவும் போடலாம். கடன் இருந்தால் சிறு அவசரத்துக்கான கையிருப்பை முதலில் வைத்துக்கொண்டு, பிறகு அதிக வட்டிக் கடனை முதலாவதாக அடைக்கவேண்டும். கந்து வட்டியில் இருப்பவர் நகையைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து அதை அடைப்பதும் ஒரு சிக்கனமே. பதிவு செய்யப்படாத சீட்டில் பெருந்தொகையை வைப்பது, வட்டியில் மிச்சமானதை முதலோடு இழக்கச் செய்யக்கூடும். இந்தத் தாளை வீட்டில் ஒருவர் மட்டும் சுமக்காமல், கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதவேண்டும். வரவு முழுவதும் தெரியாமல் செலவுக்கு மட்டும் பொறுப்பேற்கும் பெண்ணிடம் சிக்கனம் பேசுவது நியாயமில்லை.

எல்லைகள்

திட்டமிடல் கூலியை உயர்த்தாது. ஆண்டு வரவே ஆண்டுச் செலவுக்குப் போதாத குடும்பத்துக்கு, காலத்தை ஒழுங்குபடுத்துவது வட்டியை மட்டும் மிச்சப்படுத்தும், பற்றாக்குறையைத் தீர்க்காது. அங்கே பொது ஏற்பாடுகளின் பங்கு தொடங்குகிறது. தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கிய மருத்துவக் காப்பீடு, 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் விலையில்லா அரிசி, 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம், 2023 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை ஆகியவை குடும்பக் கணக்கில் நேரடியாகப் படிந்தவை. இவற்றுள் மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு தனி மதிப்புண்டு. மற்றவை தொடர்ச்செலவைத் தாங்குகின்றன. காப்பீடோ எந்த நாட்காட்டியிலும் எழுதமுடியாத செலவைத் தாங்குகிறது. அறுவைச் சிகிச்சையின் மாதத்தை எந்தக் குடும்பமும் முன்கூட்டி அறியமுடியாது. தெரிந்த பெருஞ்செலவுக்குக் குடும்பம் மாதந்தோறும் ஒதுக்கவேண்டும். தெரியாத பெருஞ்செலவைச் சமூகம் பகிர்ந்துகொள்ளவேண்டும். இரண்டும் நடக்காத இடத்தில் சிக்கனம் என்ற பெயரில் சுருங்குவது குழந்தையின் தட்டும் தாயின் தட்டும்தான். அதைச் சேமிப்பு என்று எந்தக் கணக்கிலும் எழுதக்கூடாது.