விழுறது நெசந்தானே? – பழைய டபிள்யூ.டபிள்யூ.எஃப். குறிப்புகள்

போன டிசம்பர்ல லீவு போட்டுட்டு கட்டபெட்டு போயிருந்தேன். எங்க ஊர் தெரியாதவங்களுக்கு: ஊட்டியில இருந்து கோத்தகிரி போற ரோட்ல, நாலு பக்கமும் தேயிலை இருக்கிற ஒரு சின்ன ஊர். டிசம்பர்ல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வெளிய தலைகாட்ட முடியாது. அம்மா பரண்ல இருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கி, "இதுல உன் குப்பைதான் இருக்கு, வேணுமா வேண்டாமா பாத்துச் சொல்லு"ன்னாங்க. பெட்டிக்குள்ள ஒரு சீட்டுக்கட்டு இருந்தது. ரப்பர் பேண்ட் இத்துப்போய் அட்டையோட ஒட்டியிருந்தது. டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிரம்ப் கார்டு!

1990-களில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சுருக்கமாக: ஒவ்வொரு கார்டிலும் ஒரு மல்யுத்த வீரர் படம். கீழே ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், எத்தனை சண்டை, எத்தனை வெற்றி. "வெயிட்!" என்று ஒருத்தன் கத்துவான்; யார் கையில் அதிக எடை இருக்கிறதோ அவன் எதிராளியின் கார்டைப் பிடுங்கிக்கொள்வான். யோகோசூனா கையில் இருந்தால் எடையைக் கேட்கணும். ஜெயன்ட் கோன்சாலஸ் இருந்தால் உயரம். கணக்குப் பாடத்தைவிட இந்தப் புள்ளிவிவரம்தான் எங்களுக்கு அத்துப்படி.

அன்னிக்கு ராத்திரியே லேப்டாப்பைத் திறந்தேன். அந்தக் காலத்து நிகழ்ச்சிகளை இப்போ கம்பெனியே யூடியூபில் போடுது. நமக்குத்தான் தொழில்புத்தி போகாதே; பார்க்கப் பார்க்க ஒரு எக்செல் ஷீட் போட்டேன். கார்டில் உள்ள பெயர், நிஜப் பெயர், கார்டில் உள்ள அளவு, நிஜ அளவு, இப்போது என்ன ஆனார். பத்து நாள் லீவில் அது வளர்ந்துவிட்டது. இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்தது.

கார்டு சொன்ன பொய்கள்

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஜப்பானிய சுமோ சாம்பியன் என்று நாங்கள் நம்பிய யோகோசூனா ஜப்பானியரே இல்லை. நிஜப் பெயர் ராட்னி அனோவாயி. சமோவா வம்சாவளி, பிறந்தது சான் பிரான்சிஸ்கோவில். எட்டடி ஜெயன்ட் கோன்சாலஸ் அர்ஜென்டினாவின் கூடைப்பந்து வீரர். 1988-இல் அட்லாண்டா ஹாக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது, ஆனால் ஆட வாய்ப்பு வரவில்லை. எட்டடிக்கு நாலைந்து அங்குலம் குறைவு. உடம்பில் தெரிந்த தசையெல்லாம் உடையில் வரைந்தது! செத்துப் பிழைத்தவர் என்று நாங்கள் பயந்த அண்டர்டேக்கர், டெக்சாஸைச் சேர்ந்த மார்க் கேலவே.

இதெல்லாம் இன்னிக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதிதான். ஆனா 1995 வாக்குல எங்க ஊர்ல இது கைகலப்பு வரைக்கும் போற விஷயம்.

கிங்காங்கை நேரில் பார்த்தவர்

இங்கே எங்க தாத்தாவைப் பத்திச் சொல்லணும். அவர் சிலோன்காரர். 1964-இல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அந்தக் கணக்கில் ஒரு தலையாக எழுபதுகளில் நீலகிரிக்கு வந்து சேர்ந்தவர். இலங்கையிலும் தேயிலை, இங்கேயும் தேயிலை. அங்கே ஒரு மழைநாளில் கொழுந்து மூட்டையோடு சரிவில் விழுந்து இடுப்பில் அடி. அதிலிருந்து வலது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பார்.

அவருடைய பெருமை ஒன்றே ஒன்று. கிங்காங் – தாராசிங் சண்டையைக் கொழும்பில் நேரில் பார்த்தவர். கிங்காங் என்பது குரங்கு இல்லை. எமில் சாயா என்ற ஹங்கேரிக்காரர். ஏறத்தாழ 400 பவுண்டு எடை. இந்தியா, சிங்கப்பூர், மலாயா என்று ஆசியா முழுக்கச் சுற்றியவர். பஞ்சாபிலிருந்து சிங்கப்பூர் போன தாராசிங்கும் அதே வட்டாரத்தில் வளர்ந்தவர். ஐம்பதுகளில் இந்த ஜோடி மோதாத பெரிய ஊர் குறைவு, சென்னைக்கும் வந்திருக்கிறார்கள். இன்னிக்கும் உடம்பு கட்டுமஸ்தா இருக்கிற பையனைப் பார்த்து "என்னடா, தாராசிங் மாதிரி இருக்க" என்கிறோமே, அந்தப் பேர் இங்கே ஊன்றியது அப்போதுதான்.

1987-இல் தூர்தர்ஷனில் ராமாயணம் வந்தபோது ஊரே கும்பிட்டுக்கொண்டு பார்த்தது. தாத்தா மட்டும், "ஆஞ்சநேயர் வேஷம் கட்டியிருக்கிறது நம்ம தாராசிங்குடா! வயசானாலும் தோளைப் பாரு" என்றாராம். பாட்டி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.

கேபிள் வந்து, ஸ்டார் டி.வி.யின் பிரைம் ஸ்போர்ட்ஸ் சேனலில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். ஓட ஆரம்பித்ததும் எங்களோடு சரிக்குச் சமமாக உட்கார்ந்து பார்த்த ஒரே பெரியவர் அவர்தான். லைனில் கனெக்‌ஷன் இருந்த ஒரே வீட்டில் பதினைந்து பேர் அடைந்திருப்போம். இங்கிலீஷ் கமென்ட்ரி யாருக்கும் புரியாது. புரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஒருநாள் கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த சொந்தக்கார அண்ணன் வந்திருந்தார். "எல்லாம் செட்டப்புடா. யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வெச்சிடுவாங்க" என்று போட்டு உடைத்தார். நான் உடனே கட்சி மாறிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து, "இதெல்லாம் பொய். தாத்தா பார்த்த கிங்காங்கும் பொய்தான்" என்றேன். எல்லாரும் தாத்தாவைப் பார்த்தார்கள். அவர் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"அது கிடக்கட்டும் தம்பி. விழுறது நெசந்தானே?"

எல்லாரும் சிரிச்சிட்டாங்க. நான்தான் ரொம்பச் சத்தமா சிரிச்சேன்.

நியூ ஜெர்சி வாக்குமூலம்

இப்போது படிக்கும்போது தெரிகிற வேடிக்கை என்னவென்றால், நாங்கள் அடித்துக்கொண்ட கேள்விக்கு அந்தக் கம்பெனியே பதில் சொல்லி முடித்திருந்தது. 1989 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில செனட்டுக்குத் தந்த சாட்சியத்தில், மல்யுத்தம் நிஜப் போட்டி இல்லை, பார்வையாளர்களை மகிழ்விப்பதற்கான கேளிக்கை என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். ஒப்புக்கொண்டுவிட்டது. பல பத்தாண்டுகளாக உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய தொழில் ரகசியம் அது. வில்லனும் நாயகனும் ஒரே காரில் போகக்கூடாது என்கிற அளவுக்குக் கட்டுப்பாடு இருந்த தொழில்.

ஏன் ஒப்புக்கொண்டார்கள்? மனசாட்சி உறுத்தியதால் இல்லை. விளையாட்டு என்றால் மாநில விளையாட்டு ஆணையத்தின் கண்காணிப்பு உண்டு. உரிமம் வாங்கணும், வரி கட்டணும். சர்க்கஸ் மாதிரி கேளிக்கை என்றால் இந்தத் தொல்லை கிடையாது. அவ்வளவுதான் கணக்கு.

அரசுக் கண்காணிப்பு இருந்தபோது மட்டும் எல்லாம் ஒழுங்காக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. பென்சில்வேனியாவில் மாநில ஆணையம் நியமித்த டாக்டரே வீரர்களுக்கு ஸ்டீராய்டு விற்று, 1991-இல் தண்டிக்கப்பட்டார். 1994-இல் கம்பெனி முதலாளி வின்ஸ் மக்மேன் மீதும் ஸ்டீராய்டு வழக்கு நடந்தது, அவர் விடுதலையானார். ஆனால் தானும் ஸ்டீராய்டு எடுத்ததாக ஹல்க் ஹோகன் சாட்சிக் கூண்டில் சொன்னார். எங்கள் கார்டில் 'பைசெப்ஸ்' என்று ஒரு வரி இருந்ததே, அதன் பின்கதை இது.

சவப்பெட்டிக்குள் ஒரு முதுகுவலி

திரும்பப் பார்த்ததில் என்னை நிறுத்திவைத்த முதல் நிகழ்ச்சி 1994 ஜனவரியில் நடந்த ராயல் ரம்பிள். யோகோசூனாவும் ஒரு கும்பலும் சேர்ந்து அண்டர்டேக்கரைச் சவப்பெட்டியில் போட்டு மூடுவார்கள். அரங்கம் இருட்டாகும். புகை வரும். அவர் ஆவி கூரைக்குப் போவதுபோல் காட்டுவார்கள். எங்க லைனில் ரெண்டு வீட்டுப் பையன்களுக்கு அன்றிரவு காய்ச்சல். ஏழு மாசம் கழித்து, ஆகஸ்டில், செத்தவர் திரும்பி வந்து தன்னைப்போல் வேஷம் போட்ட இன்னொரு அண்டர்டேக்கரை அடித்துப் போட்டார்.

நிஜத்தில் நடந்தது? கேலவேக்கு முதுகில் காயம். குணமாக ஓய்வு தேவைப்பட்டது. ஒரு தொழிலாளியின் மெடிக்கல் லீவை மறைக்க ஒரு சாவையே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். ஷீட்டில் இந்த வரியை அடித்தபோது கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. பொய்யைத் தோண்டிக்கொண்டு போனால் அடியில் ஒரு நிஜ முதுகுவலி கிடக்கிறது.

பிறகு பார்க்கிற விதமே மாறிப்போச்சு. யார் ஜெயிப்பார் என்று பார்ப்பதை விட்டுட்டு, எப்படி விழுகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். அந்த மேடை மெத்தை இல்லீங்க. இரும்புச் சட்டம், மேலே மரப்பலகை, அதன்மேல் மெல்லிய ஃபோம், அதற்கும் மேல் கேன்வாஸ். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படுகிற மாதிரி விழப் பழக்குவார்கள். அதனால் வலி பரவும், இல்லாமல் போகாது. வாரத்தில் பல நாள், ஊர் ஊராக, வருஷக் கணக்கில்.

1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். 16 அடிக் கூண்டின் உச்சியிலிருந்து மேன்கைண்ட் என்கிற மிக் ஃபோலியை அண்டர்டேக்கர் தள்ளிவிடுகிறார். கீழே இருந்த மேஜை தூளாகிறது. ஸ்ட்ரெச்சரில் போனவர் இறங்கி வந்து மறுபடி கூண்டேறுகிறார். இந்த முறை கூரையே பிய்ந்து உள்ளே விழுகிறார். பல்லும் உடைகிறது. முடிவு பேசிவைத்ததுதான். அந்த உயரம்?

1999 மே 23, கான்சாஸ் சிட்டி. ஓவன் ஹார்ட்டைக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்குவதாக ஏற்பாடு. 70 அடிக்கு மேல் இருந்து விழுந்து இறந்தார். வயது 34. நிகழ்ச்சி நிற்கவில்லை, மிச்சச் சண்டைகள் அதே மேடையில் நடந்தன. இதை நான் திரும்பப் பார்க்கவில்லை. பார்க்க மனசு வரலை.

கார்டில் இல்லாத வரி

கடைசியில் ஷீட்டில் ஒரு காலம் சேர்த்தேன்: இறந்த வயது. யோகோசூனா 34. பிரிட்டிஷ் புல்டாக் 39. பிக் பாஸ் மேன் 41. எர்த்குவேக் 42. கிரஷ் 43. மிஸ்டர் பெர்ஃபெக்ட் 44. ஜெயன்ட் கோன்சாலஸ் 44. பாம் பாம் பிக்லோ 45. அல்டிமேட் வாரியர் 54. எல்லாச் சாவுக்கும் மேடைமேல் பழி போட முடியாது. எர்த்குவேக்குக்குப் புற்றுநோய், கிங்காங்கே 1970-இல் கார் விபத்தில் அடிபட்டுச் சிங்கப்பூரில்தான் இறந்தார். தாராசிங் 83 வயது வரை வாழ்ந்தார். ஆனாலும் ஒரே சீட்டுக்கட்டில் இத்தனை நாற்பதுகளா? நானும் இப்போது நாற்பதுகளில்தான் இருக்கிறேன்.

இன்னொரு விவரம். இந்த வீரர்கள் கம்பெனியின் ஊழியர்களே இல்லை. சட்டப்படி 'சுதந்திர ஒப்பந்ததாரர்கள்'. ஊழியருக்கு உண்டான மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எதுவும் கிடையாது. உடல்நலப் பரிசோதனைக்கென்று முறையான திட்டம் வந்ததே 2006-இல், எடி குரேரோ 38 வயதில் இறந்த பிறகு. நம்ம நாட்டில் 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம் எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு என்று எழுதி வைத்தது. நடைமுறை எப்படி என்பது தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் விழுந்தவன் 'எனக்கு உரிமை உண்டு' என்று கேட்க ஒரு காகிதமாவது இருந்தது. உலகம் முழுக்க போஸ்டர் ஒட்டப்பட்ட யோகோசூனாவுக்கு அது இல்லை.

பொய்யா நிஜமா என்று கேட்டுக்கொண்டே இருந்தது எங்கள் தவறு. அந்தக் கேள்வி கம்பெனிக்கு வசதியானது. 'பொய்' என்று ஒப்புக்கொண்டால் கண்காணிப்பு போகும். 'பொய்தானே' என்று நாம் நினைத்துவிட்டால் அடிபட்டவன்மேல் இரக்கமும் போகும். மூட்டையோடு சறுக்கி விழுந்த மனுஷனுக்கு இது யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. அவர் கிங்காங்கை நம்பினாரா இல்லையா என்று எனக்கு இன்னிக்கும் தெரியாது. நான் கேட்டதே இல்லை. 2003-இல் இறந்துட்டார்.

கார்டுக் கட்டை வேறு ரப்பர் பேண்ட் போட்டு எடுத்து வந்துவிட்டேன். உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது கிங்காங் – தாராசிங் சண்டையைப் பார்த்திருந்தா, யார் ஜெயிச்சாங்கன்னு கேக்காதீங்க. எப்படி விழுந்தாங்கன்னு கேட்டு எழுதி வைங்க.