முதுகுவலியும் தொழிலாளர் பயிற்சியும்

தமிழ்நாட்டின் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். தலைச்சுமையோடு வருபவர், பிறர் உதவியின்றி, குனியாமல் பாரத்தை இறக்கி வைத்து மீண்டும் ஏற்றிக்கொள்ள வசதியாக நடப்பட்டவை அவை. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக நடப்பட்டவையும் உண்டு. சுமப்பவருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. கல்லின் உயரத்தைச் சரியாக வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஆலைகள் வந்த பிறகு பொறுப்பு சட்டத்தின் கைக்குப் போனது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 34-ஆம் பிரிவில், காயம் ஏற்படுத்தக்கூடிய அளவு பாரத்தை எவரையும் தூக்க வைக்கக் கூடாது என்றது.

1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது. 1980-ல் அசோக் லேலண்டின் லாரிகளும் டி.வி.எஸ். மொபெட்டுகளும் அங்கிருந்து வெளிவரத் தொடங்கின. அதே பத்தாண்டில் டைட்டன் கடிகார ஆலையும் வந்தது. இங்கேதான் சட்டத்தின் குறை தெரிகிறது. லாரி பாகம் கனமானது, கடிகாரப் பாகமோ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. ஆனால் ஷிப்ட் முழுவதும் கழுத்தைக் குனிந்து உட்கார்ந்திருந்தாலும் முதுகு வலிக்கத்தான் செய்யும். 34-ஆம் பிரிவு எடையை மட்டுமே பார்த்தது.

1984 போபால் விபத்துக்குப் பின், 1987-ல் சேர்க்கப்பட்ட 111ஏ பிரிவு, பாதுகாப்புப் பயிற்சி பெறுவதைத் தொழிலாளியின் உரிமையாக்கியது. பயிற்சியின் மீது அன்று உலகெங்கும் பெரிய நம்பிக்கை இருந்தது. சுவீடனில் 1969-ல் 'முதுகுப் பள்ளி' தொடங்கியிருந்தது. வோல்வோ கார் ஆலைத் தொழிலாளர்களிடம் நடந்து 1977-ல் வெளியான ஆய்வில், அப்பள்ளியில் படித்தவர்கள் விரைவில் வேலைக்குத் திரும்பியது தெரிந்தது.

ஆனால் வலி வந்தவரைத் தேற்றுவது வேறு, வராமல் தடுப்பது வேறு. அமெரிக்காவில் சுமார் 4,000 அஞ்சல் ஊழியர்களிடம் நடந்து 1997-ல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்றவர்களுக்கும் முதுகுக் காயங்கள் குறையவில்லை. முழங்காலை மடக்கித் தூக்கு என்று சொல்லிக்கொடுக்கலாம்; பெட்டி தரையில் கிடக்க, லைன் வேகமாக ஓடினால் எத்தனை முறைதான் மடக்குவது?

இந்தியா 2010-ல் ஏற்ற, அதிகபட்ச எடை பற்றிய 1967-ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை இரண்டையும் பேசுகிறது. 5-ஆம் விதி, சுமை வேலையில் அமர்த்தும் முன்பே பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. கூட்டங்களில் இதுவே எளிதில் நிறைவேறும். ஒரு வகுப்பும் ஒரு கையெழுத்தும் போதும். 6-ஆம் விதி, இயன்றவரை தகுந்த கருவிகளைப் பயன்படுத்தச் சொல்கிறது. அதற்கு ஹாய்ஸ்ட் வாங்க வேண்டும், மேசையை உயர்த்த வேண்டும். அதாவது, பணம் செலவாகும்.