உரிமத்திற்கு முன் ஒலித்த குரல்: சங்கம் ரேடியோவும் பி.வி. சதீஷின் ஊடகக் கல்வியும்

இந்தியச் சமுதாய வானொலியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரசாணைகளின் வரிசையையே வரலாற்றின் வரிசையாகக் கொள்கின்றனர். வான் அலைகள் பொதுச்சொத்து என உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்கு உரிமம் வழங்க அரசு இசைந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். ஒலிக்கத் தொடங்கியது. 2006 நவம்பரில்தான் தன்னார்வ அமைப்புகளுக்கு வாய்ப்புக் கிட்டியது. இவ்வரிசையின்படி, இன்றைய தெலங்கானாவில் ஜஹீராபாத்தை அடுத்த மச்சனூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ பிறந்தநாள் 2008 அக்டோபர் 15. அத்தேதியை ஏற்பதில் தடை உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பி.வி. சதீஷ் இதழியல் பயின்று, தூர்தர்ஷனில் தயாரிப்பாளராக நெடுங்காலம் பணியாற்றியவர். 1975-76இல் செயற்கைக்கோள் வழியாகச் சிற்றூர்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை அனுப்பிய ‘சைட்’ சோதனையிலும் அவருக்குப் பங்குண்டு. தில்லியும் அகமதாபாத்தும் பேச, ஊர் கேட்டிருந்த ஏற்பாடு அது. 1983இல் நண்பர்களுடன் தக்காண வளர்ச்சிச் சங்கத்தைத் தொடங்கியவர், 2023 மார்ச்சில் மறையும் வரை அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கும் பணியில் ஈடுபட்டார் எனலாம்.

யுனெஸ்கோ உதவியுடன் மச்சனூரில் ஒலிப்பதிவுக் கூடம் அமைந்தது 1990களின் இறுதியில். உரிமம் கிடைத்ததோ ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து. இந்த இடைவெளியை ஆய்வாளர் பலர் ‘காத்திருப்பு’ என்ற ஒரு சொல்லால் கடந்துவிடுகின்றனர். ஆனால் கூடம் பூட்டிக் கிடக்கவில்லை. விதை, சிறுதானியம், பண்டிகை, பாட்டு, உடல்நலம் எனப் பெண்கள் பதிவு செய்து குவித்தனர். ஒலிநாடாக்கள் ஊர்தோறும் சங்கக் கூட்டங்களுக்கு எடுத்துச் செல்லப்பட்டன. ஒலிபரப்பில் பேசுபவர் கேட்பவரின் முகத்தைக் காண்பதில்லை; சங்கக் கூட்டத்தில் நாடா ஓடி முடிந்ததும் மறுப்புரை அங்கேயே எழக்கூடும். இச்சூழல் நல்லதொரு பயிற்சிக்களம் என்பது என் கணிப்பு. 2000 ஜூலையில் சமுதாய வானொலிக்கான பஸ்தாபூர் அறிக்கை இவ்வட்டாரத்திலேயே உருவானதும் தற்செயலன்று. 2008இல் நிலையத்தைத் தொடங்கி வைத்தவர், 1995 தீர்ப்பை வழங்கிய நீதியரசர் பி.பி. சாவந்த்.

இப்பெண்கள் காணொளியும் கற்றனர். பெரும்பாலோர் பள்ளிக்கல்வி பெறாதவர்கள். படக்கருவியின் கோணங்களுக்கு அவர்கள் சூட்டிய பெயர்கள் தனியே கருதத்தக்கன. கீழிருந்து மேல்நோக்கி எடுப்பது ‘பட்டேல் ஷாட்’, நிலவுடைமையாளரை நிமிர்ந்து பார்த்த பழைய பார்வை. மேலிருந்து கீழ்நோக்கி எடுப்பது அடிமையைப் பார்க்கும் பார்வை. கண்மட்டத்தில் எடுப்பது ‘சங்கம் ஷாட்’. தங்களுக்கு உரியது இதுவே என்றனர். திரைக்கலைப் பாடநூல்கள் அழகியலாகக் கற்பிக்கும் ஒன்றைச் சாதி அனுபவத்தின் இலக்கணமாக அவர்கள் மாற்றியமைத்தனர். ஒலிக்கும் இது பொருந்தும். மருத்துவச்சியின் பேச்சைத் திருத்தாமல், அவரது வட்டாரத் தெலுங்கிலேயே ஒலிக்கவிடுவது செவிக்குரிய கண்மட்டம்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. நமக்கு எளிதில் கிடைக்கும் ஆவணங்களில் கணிசமானவை சதீஷோ பிற ஆய்வாளர்களோ ஆங்கிலத்தில் எழுதியவை. ஜெனரல் நரசம்மா, அல்கோல் நரசம்மா ஆகியோரின் பணிவாழ்வு அவற்றில் சான்றாகவே வருகிறது. வரலாறாக வருவது அரிது. இக்கட்டுரையும் அக்குறையிலிருந்து முற்றிலும் தப்பவில்லை.

இன்னொன்று, சட்டம் இவர்களின் தொழிலுக்கு இட்ட எல்லை. பி.டி. பருத்தியால் வாரங்கல் உழவர்கள் பட்ட துன்பத்தை வயல்வயலாகச் சென்று பதிவு செய்து, 2003இல் இப்பெண்கள் ஒரு படம் வெளியிட்டனர். பருவம் முழுதும் தொடர்ந்து சென்று விளைச்சலையும் செலவையும் கேட்டறிந்த அப்பணி, எவ்வகையில் பார்த்தாலும் புலனாய்வு இதழியல். ஆயின் 2006ஆம் ஆண்டு நெறிமுறை, சமுதாய வானொலிகள் செய்தியும் நடப்பு நிகழ்வும் ஒலிபரப்புவதைத் தடை செய்தது. 100 வாட் ஆற்றலுடைய ஒலிபரப்பிக்கு முன் அமர்ந்ததும் அதே பெண் இதழியலாளர் அல்லர். விதையைப் பற்றிப் பேசலாம், விதையை விற்ற நிறுவனத்தைப் பற்றிய செய்தி வாசிக்க இயலாது. ஒலிநாடா ஊருக்குள் சுமந்து செல்லப்பட்ட ஆண்டுகளில் இத்தடை அவர்களுக்கு இருக்கவில்லை.